இருமுறை கழித்த இருபத்தைந்து மீற்றர்

குருவிட்ட நகருக்கு மேலே, றப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடைவரை இறங்கும் ஒரு தோட்டத்தின் மூன்றாம் இலக்கத் தொழிலாளர் லயத்தில், சி. விஜயகலா என்ற பெண் பதினொரு ஆண்டுகள் ஒரு மனிதரை மறக்காமல் இருந்தாள். அந்த நினைவு தானாகத் தங்கியது என்று சொல்லிவிட முடியாது. தாய் நாள்தோறும் பால்வாளியைக் கழுவிக் கவிழ்ப்பதுபோல, மகள் அதைத் துருவேறாமல் பேணினாள். ஆண்டுதோறும் வெசாக் விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்று, அவர் முன்பு வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரைச் சுருக்கத்தை எடுத்து முதலெழுத்திலிருந்து முற்றுப்புள்ளிவரை வாசிப்பாள். முடிந்ததும் அதே மடிப்பில் மடித்து வைப்பாள். அழுவதில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்பது அவள் கணிப்பு.

அந்த மனிதர் கலாநிதி சிவம். கடலடியில் எண்ணெயும் வாயுவும் தேடிய ஒரு கொழும்புக் கம்பனியின் நிலவியற் பிரிவுத் தலைவர். 2013ஆம் ஆண்டில் விஜயகலா அவருக்குக் கீழே தரவு உதவியாளராக இருந்தாள். வயது முப்பது. தோட்டப் பாடசாலையில் தொடங்கி, தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க ஹற்றனுக்குப் போய் விடுதியில் தங்கி, பேராதனையில் பௌதிகவியல் பட்டம் பெற்றவள். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதற்பெண். தாய் கருப்பாயி றப்பர் மரங்களில் பால் வெட்டுபவள். இறந்துபோன தகப்பன் சின்னத்தம்பி, மழை குறைந்த மாதங்களில் குருவிட்ட வயல்வெளிகளில் மாணிக்கக் குழி தோண்டப் போனவர்.

அவளுடைய வேலையைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. கடலடியில் துளை போட்டு முடித்ததும், வடத்தில் கருவிகளைக் கட்டி அதன் அடிவரை இறக்கி மெல்ல மேலே இழுப்பார்கள். வரும் வழியெல்லாம் கருவிகள் சுற்றியுள்ள படைகளை அளந்துகொண்டே வரும். படை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது, ஒலி அதனூடாக எவ்வளவு விரைவாகப் போகிறது, துளையின் சுவர் எங்கே இடிந்து அகன்றிருக்கிறது என்பனவெல்லாம் ஒரு நீண்ட காகிதச் சுருளில் நெளிகோடுகளாக விழும். துளைப்பதிவு என்பது அதுதான். அந்தக் கோடுகளை அரை மீற்றருக்கு ஒருமுறை வாசித்து எண்களாக்கி அட்டவணையில் எழுதுவது விஜயகலாவின் பொறுப்பு.

மேற்குக் கடலில் போடப்பட்ட ஒரு துளையின் பதிவை வாசித்தபோது, இரண்டு இடங்களில் அவள் பென்சில் நின்றது. மணற்படையில் உப்புநீர் இருந்தால் மின்சாரம் தங்குதடையின்றிப் போகும். இங்கே மின்தடைக் கோடு மதில் ஏறுவதுபோல் ஏறியிருந்தது. மேலே இருந்த படையில் ஒலியும் விரைவாக ஓடியிருந்தது. அப்படியானால் மணலின் இடுக்குகளில் கெட்டியான ஏதோ ஒன்று அடைத்திருக்க வேண்டும். குளிரும் அழுத்தமும் கூடிய கடலடியில் நீர் உறைந்து கூடுகளாகி, அவற்றுக்குள் வாயுவைச் சிறைவைக்கும். பார்வைக்குப் பனிக்கட்டி, தீ வைத்தால் எரியும். வாயு ஐதரேற்று என்பது அதன் பெயர்.

மின்தடையை மட்டும் நம்பக்கூடாது. சிறைப்படாத வெறும் வாயுவும் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் வாயு இருந்தால் ஒலி தளர்ந்து மெதுவாகும். ஐதரேற்று இருந்தால் விரையும். ஆகவே மின்தடை முதற்சாட்சி என்றால், ஒலி இரண்டாம் சாட்சி. இரண்டையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அட்டவணை எழுதுவதில் விஜயகலாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. துளைப்பதிவில் ஆழம் துளையிடும் கப்பலின் மேடையிலிருந்து கணக்கிடப்படும். அந்தக் கப்பலின் மேடை கடல் மட்டத்துக்கு இருபத்தைந்து மீற்றர் உயரத்தில் இருந்தது. அவள் எழுதத் தொடங்கும்போதே இருபத்தைந்தைக் கழித்துவிட்டு எழுதுவாள். மாணிக்கக் குழிக்காரர் வழக்கம் அது. மழைநீர் வழிந்து விழாதிருக்கக் குழிவாயில் மரச்சட்டம் அடித்து உயர்த்துவார்கள். ஒரு குழியின் சட்டம் இரண்டடி, பக்கத்துக் குழியினது நாலடி. சட்டத்தின் உயரத்தைக் கழிக்காமல் மாணிக்கப் பரல் கிடக்கும் ஆழத்தைச் சொன்னால், குழிக்குக் குழி கணக்கு உதைக்கும். சின்னத்தம்பி எப்போதும் தரையிலிருந்துதான் ஆழம் சொல்வார். மகளும் அப்படியே செய்தாள். அட்டவணையின் தலைப்பு வரியில், "வாசித்தவர்: சி. விஜயகலா. ஆழம் கடல் மட்டத்திலிருந்து. மேடை 25 மீ. கழிக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியாக எழுதினாள்.

அதை எடுத்துக்கொண்டு கலாநிதி சிவத்தின் அறைக்குப் போனாள்.

"சேர், இதுல ஒரு விசயம் இருக்குங்க. மேல இருக்கிற படை ஐதரேற்றுன்னு நெனைக்கிறேன்."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஐதரேற்றோ? பிள்ளை, றப்பர் பால் சட்டியில உறைஞ்சாப் போல கடலுக்குள்ளயும் உறைஞ்சு கிடக்குதெண்டு நினைச்சீரோ?"

அறையில் இருந்த இருவர் சேர்ந்து சிரித்தனர். அட்டவணை மட்டும் அவர் மேசையிலேயே தங்கிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, அச்சுப்பொறியில் வேறொன்றை எடுக்கப் போனவள், வெளிநாட்டு மாநாடொன்றுக்கு அனுப்பவிருந்த கட்டுரைச் சுருக்கத்தைக் கண்டாள். கடலடியில் ஐதரேற்றுப் படைகள் இரண்டு. கண்டறிந்தவர் கலாநிதி சிவம். ஆழங்கள் கம்பனியின் இரகசியம் என்று விடப்பட்டிருந்தன. விஜயகலாவின் பெயர் எங்கும் இல்லை.

"சேர், இது நான் வாசிச்சதுங்களே?" என்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார்: "நீர் கோட்டை வாசிச்சனீர். நான் அதின்ர கருத்தை வாசிச்சனான். ரெண்டும் ஒண்டில்லை, பிள்ளை. போய் வேலையைப் பாரும்."

கீழே இருந்த படையை அப்போதுதான் அவள் ஒலிக்கோட்டோடு ஒப்பிடத் தொடங்கியிருந்தாள். அங்கே ஒலி மெதுவாகியிருந்தது. அது ஐதரேற்று அன்று, வெறும் வாயு. முற்றாகச் சரிபார்த்து எழுத்தில் கொடுத்தால் மறுக்கமாட்டார் என்று நம்பி, வெசாக் விடுமுறைக்குத் தன் அட்டவணையின் பிரதியொன்றைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டாள். வாசலில் காவலர் பையைச் சோதித்தார். சோதிக்கச் சொன்னவர் பின்னாலேயே நின்றார். கைப்பற்றிய காகிதத்தின் மூலையில் கலாநிதி சிவம் சாட்சிக் கையெழுத்திட்டுத் திகதியும் போட்டார். கம்பனி இரகசியத்தைத் திருடிய குற்றத்துக்காக விஜயகலா அன்றே விலக்கப்பட்டாள்.

அவமானம் அந்த வாசலோடு நின்றிருந்தால் அவள் ஒருவேளை ஆறியிருப்பாள். விலக்கற் கடிதம் நிரந்தர முகவரிக்கும் அனுப்பப்பட்டது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. எல்லாத் தபாலும் தோட்ட ஆபிசுக்கே வரும். தலைமைக் கிளாக்கர் கந்தையா அதை மறுநாட்காலை பெரட்டுக்களத்துக்கு எடுத்துவருவார். வேலைக்குப் பெயர் கொடுக்க இருநூறு பேர் கூடும் இடம் அது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கந்தையா உடைத்துப் பார்த்தார், அவரே மொழிபெயர்த்தார்.

"கருப்பாயி! ஒம் மக கொழும்புல திருடிட்டாளாம்! கம்பனியில இருந்து வெரட்டியாச்சாம். எல்லாரும் கேட்டுக்குங்க, படிச்ச புள்ளைன்னு தலையில தூக்கி வச்சிங்களே!"

கருப்பாயி முதல் வரிசையில் நின்றிருந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அடுத்த நாளிலிருந்து, ஓய்வு பெறும்வரை ஏழு ஆண்டுகள், பெரட்டில் கடைசி வரிசையில் பலாமரத்துக்குப் பின்னால் நின்றாள். அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் விஜயகலா சிவம், கந்தையா என்று இரண்டு பெயர்களைத் தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஒன்று பெரியது, மற்றது சிறியது.

வேறெந்தக் கம்பனியும் அவளை எடுக்கவில்லை. லயத்திலேயே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தாள். மகனைக் கொண்டுவந்து விட்ட ஒருத்தி, "கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சர், வேற கைவேல ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். விஜயகலா அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் சிறப்புச் சித்தியும் பெற்றான். அவனுடைய தாயை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அவ்வளவு சிறிய பழிகளுக்கு இடமில்லை.

2020இல் நாடு முடங்கியபோது, பேராதனையில் கூடப் படித்து வெளிநாட்டில் குடியேறிய ஷாமிளா தொலைபேசியில் அழைத்தாள். பழைய துளைப்பதிவுச் சுருள்களை எண்களாக்கித் தர ஆள் தேவையாம். புகைக்கூடத்தின் மேற்குச் சுவரோரம் மட்டும்தான் தோட்டத்தில் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும். விஜயகலா அங்கே ஒரு வாங்கு போட்டுக்கொண்டு, காயும் றப்பர் தாள்களின் வாடையில், உலகத்தின் ஏதேதோ கடல்களை வாசித்தாள். மூன்று ஆண்டுகளில் கோடு வாசிப்பதோடு கருத்துச் சொல்வதும் அவள் தொழிலாயிற்று.

2024 ஆனியில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் றிஸ்மி, புதிதாகத் துளையிட வந்திருந்த ஒரு கம்பனியின் தரவுப் பொறுப்பாளர். பழைய கொழும்புக் கம்பனியை, அதன் சுருள்கள் கோப்புகள் அனைத்தோடும், அவர்கள் வாங்கியிருந்தார்கள். கலாநிதி சிவம் அவர்களுக்கு ஒரு பெரிய அறிக்கை கொடுத்திருக்கிறார். இரண்டு மீளாய்வாளர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். பெயர்கள் இரகசியமாக இருக்கும். ஆவணி மாதம் இரத்தினபுரியில் நடக்கும் நிலவியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவர் அறிக்கையை முன்வைப்பார், மீளாய்வாளர்கள் அங்கே கேள்வி கேட்பார்கள். அன்றைக்கே சங்கம் அவருக்குப் பதக்கமும் சூட்டும்.

இரண்டாம் மீளாய்வாளர் விஜயகலா.

அறிக்கையைத் திறந்ததும் முதலில் அட்டவணைக்குப் போனாள். ஆழங்கள் அங்கே முதன்முறையாக அச்சில் இருந்தன. அவள் எழுதிய எண்கள் அவளுக்கு மனப்பாடம். மேற்படை 1,612இல் தொடங்க வேண்டும். அங்கே 1,587 என்றிருந்தது. கீழ்ப்படை 1,661, அங்கே 1,636. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து குறைந்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை, கணக்கு வந்தது.

என்ன நடந்தது என்பது கண்ணாடிபோல் தெரிந்தது. பெயரை மறைப்பதற்காக அவர் தலைப்பு வரியை வெட்டியிருக்கிறார். மேடை உயரம் கழிக்கப்பட்ட குறிப்பும் அதே வரியில்தான் இருந்தது. பதிவின் ஆழத்தில் மேடை உயரத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்பதுதான் அவர் மனத்தில் தோன்றவில்லை. இரண்டாம் முறையும் கழித்துவிட்டார்.

அந்தப் பிழை சிறியதன்று. கடலடியில் ஆழம் கூடக்கூடச் சூடு கூடும். ஓர் எல்லைக்குக் கீழே ஐதரேற்று நிலைக்காது, வாயு வாயுவாகவே கிடக்கும். அந்தத் துளையில் எல்லை ஏறத்தாழ 1,650 மீற்றர். விஜயகலாவின் கணக்கில் கீழ்ப்படை எல்லைக்குக் கீழே; சிவத்தின் கணக்கில் மேலே. ஆகவே அவர் வாயுவை ஐதரேற்று என்று எழுதியிருந்தார். ஒலிக்கோட்டைச் சரிபார்க்க அவர் போனது இருபத்தைந்து மீற்றர் தள்ளி, தவறான இடத்துக்கு. அங்கே களிமண் சுவர் இடிந்து துளை அகன்று கிடந்தது. "துளை அகன்றிருப்பதால் ஒலிப்பதிவு நம்பத்தக்கதன்று" என்று எழுதி, இரண்டாம் சாட்சியை விசாரிக்காமலே அனுப்பிவிட்டார். புதிய துளையில் அந்த ஆழம்வரை இரும்புக் குழாய் இறக்கிச் சுவரை அடைக்கத் தேவையில்லை என்பது அவர் பரிந்துரை. அடைக்காத துளையில் வாயு குமுறி எழுந்தால் கப்பலில் நிற்பவர்களின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஒரு வரி எழுதினால் போதும், பிழை திருந்தும். அவர், "தட்டச்சில் நேர்ந்த தவறு, சுட்டியவருக்கு நன்றி" என்று அடிக்குறிப்புப் போட்டுவிட்டுப் பதக்கம் வாங்கிப் போவார். விஜயகலா அந்த வரியை எழுதவில்லை. வேறொரு வரி எழுதினாள்: "அட்டவணையிலுள்ள அளவீடுகள் அனைத்தும் மூலப் பதிவிலிருந்து ஆசிரியராலேயே நேரடியாக வாசிக்கப்பட்டவை என்பதைக் கையொப்பத்துடன் உறுதிப்படுத்தவும்." நான்கு நாளில் உறுதி வந்தது. கையொப்பம் அழகாக இருந்தது.

றிஸ்மி அழைத்தார்.

"மிஸ், நீங்க சும்மா கேக்குற ஆள் இல்ல. பெரிய பிழ ஏதும் இருந்தா இப்பவே செல்லுங்க."

"கூட்டத்துல சொல்றேங்க. அதுக்கு முன்னுக்கு எந்தக் கப்பலும் கடலுக்குப் போகாதுதானே?"

"கூட்டம் முடிஞ்சி, டைரக்டர் போர்ட் ஓகே பண்ணி, வருசக் கடசிக்குத்தான்."

"அப்ப சரி. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பழைய கம்பனியோட ஊழியர் கோப்புக வந்திருக்குமே? 2013 மே மாசம் ஒரு பொண்ண வெலக்கினாங்க. அவ பையில இருந்து புடிச்ச காயிதம் அந்தக் கோப்புல சான்றா இருக்கணும். அத ஸ்கான் பண்ணிக் கொண்டாங்க."

மூன்றாம் நாள் மறுபடி அழைத்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "மிஸ், கோப்புல உள்ள பேரப் பாத்தன். நீங்க மனுசன கொல்லப் போறீங்க."

"இல்லிங்க. அவரு கையெழுத்துப் போட்டத வாசிக்கப் போறேன். அவ்வளவுதான்."

கூட்டத்தன்று காலை குருவிட்டவிலிருந்து பஸ் ஏறி, ஒன்பது மணிக்கு இரத்தினபுரி மண்டபத்தில் இருந்தாள். நூற்றிருபது பேர் வந்திருந்தனர். கலாநிதி சிவத்துக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. நரையும் அவருக்கு மதிப்பாகவே அமைந்திருந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த விஜயகலாவை இரண்டு முறை பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அவளை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்தையும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதக்கம் ஒரு நீலப் பெட்டியில் மேசைமேல் திறந்திருந்தது.

அவர் நாற்பது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு இரண்டாம் மீளாய்வாளரைக் கேள்வி கேட்க அழைத்தனர். சபையில் எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசினர்.

"கீழ்ப்படையை மூலப் பதிவில் காட்ட முடியுமா?" என்று விஜயகலா கேட்டாள்.

"தாராளமாக. என் ஆழம் 1,636. மேடை உயரம் இருபத்தைந்தைக் கூட்டினால் பதிவில் 1,661."

றிஸ்மி சுருளின் பிரதியைத் திரையில் 1,661க்கு நகர்த்தினார். மின்தடைக் கோடு அங்கே குளத்து நீர்போல் அசையாமல் கிடந்தது. மதிலும் இல்லை, மேடும் இல்லை. இடிந்த சுவர் மட்டும் தெரிந்தது.

"படை எங்கே, ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "பிரதி எடுத்ததில் நகர்ந்திருக்கும்."

"சற்றுக் கீழே இறக்குங்கள்," என்றாள் விஜயகலா. றிஸ்மி மெல்ல இறக்கினார். சரியாக இருபத்தைந்து மீற்றர் இறங்கியதும் மின்தடைக் கோடு எழுந்தது. பக்கத்தில் ஒலிக்கோடு தளர்ந்து வழிந்திருந்தது. மண்டபத்தில் பாதிப்பேருக்குப் பதிவு வாசிக்கத் தெரியும். பின்வரிசையில் யாரோ சிங்களத்தில், "அது வாயு அல்லவா?" என்றார்.

விஜயகலா காத்திருந்தாள். அவள் அந்த மனிதரைப் பதினொரு ஆண்டுகள் படித்திருந்தாள். அகப்பட்டால் கையில் கிடைக்கும் மிகச் சிறிய ஆளை முன்னே தள்ளிவிடுவார் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அந்த ஒரு பழக்கத்தை நம்பியே அவள் இந்த மண்டபம்வரை வந்திருந்தாள்.

அவர் தள்ளினார்.

"சபையோர் மன்னிக்க வேண்டும்," என்றார். "என் தவறு, ஒருவரை நம்பியது. இந்த அளவீடுகளை எடுத்தவர் அப்போது எனக்குக் கீழே இருந்த ஓர் உதவியாளர். தோட்டப் புறத்துப் பெண். மேடை உயரம் போன்ற அடிப்படைகள் அவருக்குத் தெரியாது. பின்னர் திருட்டுக்காக விலக்கப்பட்டவர்."

அனுதாபச் சிரிப்பொன்று எழுந்து அடங்கியது.

"அப்படியானால் இந்த அட்டவணை தங்களுடையது அன்று?"

"இல்லை. முழுக்க முழுக்க அவருடையது."

"இரண்டு படைகளையும் முதலில் கண்டவரும் அவரே?"

அவர் தயங்கினார். ஆனால் படி இறங்கிவிட்டவர் நடுவில் நிற்க முடியாது. "அவரே."

"நன்றி," என்றாள் விஜயகலா. "அந்தப் பெண் நான்தான்."

திரையில் கைப்பற்றப்பட்ட காகிதம் வந்தது. வெட்டப்படாத தலைப்பு வரி: வாசித்தவர் பெயர், கடல் மட்டத்திலிருந்து ஆழம், மேடை 25 மீற்றர் கழிக்கப்பட்டுள்ளது. மூலையில் கலாநிதி சிவத்தின் கையொப்பமும் திகதியும். அதன் பக்கத்தில், அளவீடுகள் யாவும் தம்முடையவை என்று அவர் இரண்டு மாதத்துக்கு முன் இட்ட கையொப்பம். இரண்டு கையொப்பங்களும் ஒரே அழகோடு இருந்தன.

அவள் குரலை உயர்த்தவில்லை. எந்த எண்ணில் எதைக் கழித்தார், எந்த இடத்தில் எதைத் தேடினார், அவர் சொன்னபடி துளையிட்டால் எந்த ஆழத்தில் என்ன நேரும் என்று ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்து உட்கார்ந்தாள். கப்பற்காரர்களின் உயிரைக் காப்பாற்றினாள் என்று பிற்பாடு பலர் அவளைப் பாராட்டினார்கள். அவள் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்த ஆறு நிமிடமும் அவள் நினைவில் கப்பல் இருக்கவில்லை. பலாமரத்துக்குப் பின்னால் நின்ற ஒரு பால்வாளிதான் இருந்தது.

சங்கத் தலைவர் எழுந்து தேநீர் இடைவேளை என்றார். போகும்போது நீலப் பெட்டியை மூடிவிட்டுப் போனார்.

வெளியே, வாகனங்கள் நிற்கும் இடத்தில் சிவம் அவளை மறித்தார். இப்போது தமிழ்.

"பிழையெண்டு தெரிஞ்சால் எனக்கு முன்னமே அறிவிச்சிருக்கலாம்தானே? இத்தினை பேருக்கு முன்னால..."

"அறிவிச்சிருக்கலாங்க சேர்."

"பிறகேன் செய்யேல்லை?"

"நீங்களும் எங்கிட்ட மட்டும் சொல்லி வெலக்கியிருக்கலாம். எங்கம்மா வேல செய்ற எடத்துக்குக் கடிதம் போட்டீங்க."

அவருக்கு அது நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. திருத்தின கட்டுரையை ரெண்டு பேரின்ர பேரிலயும் போடுவம். உம்மட பேரை முதல்ல போடும், விஜயகலா."

தன் பெயரை அவர் வாயிலிருந்து அவள் முதன்முறையாகக் கேட்டாள். அது இனிக்கும் என்று எப்போதோ எண்ணியிருந்தாள், இனிக்கவில்லை.

"ஒங்க பேரு வேணாங்க. வெட்டிட்டேன்," என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

வீட்டில் கருப்பாயி நடந்ததை முழுவதும் கேட்டாள். "தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, "அந்தாளு ஒண்ணு. இங்க ஒருத்தன் இருக்கானே?" என்றாள்.

"அதுவும் எழுதியாச்சும்மா," என்றாள் மகள்.

திருத்திய ஆய்வில் அவள் கையொப்பம் இல்லாமல் கம்பனியின் திட்டம் நகராது. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். 2013இன் விலக்கல் அடிப்படையற்றது என்றும், கண்டறிந்தவர் அவளே என்றும் கம்பனி கடிதம் எழுத வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். பழைய கடிதம் போன அதே முகவரிக்கு, அதே தோட்ட ஆபிசுக்கு, பெரட்டில் வாசித்துக் காட்டும்படி கேட்டு அனுப்ப வேண்டும். றிஸ்மி சிரித்துவிட்டு, தலைமை அதிகாரியின் முத்திரையையும் குத்தி அனுப்பினார்.

ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணி. பெரட்டுக்களம் நனைந்திருந்தது. ஓய்வு பெற்று நான்கு ஆண்டு கழிந்த கருப்பாயி, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையின் நடுவில் போய் நின்றாள். பக்கத்தில் விஜயகலா. இன்னும் ஓராண்டில் ஓய்வு பெறவிருந்த கந்தையா கடிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தோட்டத்தை நடத்தும் தொரை வாசிக்கச் சொல்லிவிட்டார், தப்ப வழியில்லை. தொண்டைக்குள்ளேயே வாசித்து முடித்தார்.

"கேக்கல சார்," என்றாள் கருப்பாயி.

"என்னா கேக்கல? முன்னுக்குத்தானே நிக்கிறீங்க?"

"எனக்குக் கேக்குது. பலாமரத்துக்குப் பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல. அன்னைக்குப் படிச்சது கீழ்டிவிசன் வரைக்கும் கேட்டுச்சே? அந்தத் தொண்டைய எங்க வச்சிட்டு வந்தீங்க?"

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. கந்தையா மறுபடி வாசித்தார். "திருட்டுக் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யானது" என்ற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்.

"இப்ப சிங்களத்துலயும் படிங்க," என்றாள் கருப்பாயி. "மெனிக்கே அன்னைக்கும் இங்கதான் நின்னா. அவளுக்கும் வெளங்கணும்."

கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் மெனிக்கே வெற்றிலையை மறுகன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். கந்தையா சிங்களத்திலும் வாசித்தார். வாசித்து முடித்துக் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"போதுமா, தாயே?"

கருப்பாயி மகளைப் பார்த்தாள்.

"மடிக்காதீங்க சார்," என்றாள் விஜயகலா. "அந்த அறிவிப்புப் பலகையில ஒட்டுங்க. அடுத்த வெசாக் வரைக்கும் இருக்கட்டும்."

கந்தையா பசை தேடி ஆபிசுக்குள் போனார்.